கண்டெடுத்தவனுக்கு ஒரு மூடி

பொன்முடிக்கு ஏறும் சாலையில், உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு சோதனைச் சாவடி உண்டு. வண்டியை நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொல்வார்கள். மது இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள். இது திருவனந்தபுரம் முழுக்கத் தெரிந்த சங்கதி. அதனால் ஞாயிற்றுக்கிழமை மலை பார்க்க வரும் கூட்டம் சாவடிக்கு முந்தைய வளைவு ஏதாவதொன்றில் வண்டியை நிறுத்தும். ஒருவன் மூத்திரம் பெய்யப் போகிறவன்போல இறங்கிப் புதருக்குள் போவான். சட்டைக்குள் இருக்கும் பாட்டிலை ஒரு வேரின் சந்தில் வைத்து இலைகளைப் போட்டு மறைப்பான். அடையாளத்துக்குக் கல்மேல் கல் வைப்பான், அல்லது கிளையில் ஒரு துணியைக் கட்டுவான். மேலே போய்ப் பனியைப் பார்த்துப் படம் பிடித்துவிட்டு, இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அந்த அடையாளம் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று ஒவ்வொருவனும் நம்பினான். பக்கத்து எஸ்டேட் லயத்துப் பிள்ளைகளுக்கு எல்லா அடையாளமும் தெரியும். லயம் என்றால் தேயிலைத் தொழிலாளிகள் குடியிருக்கும் வரிசை வீடுகள். தமிழ்க் குடும்பங்கள்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் லயத்து ஆண்கள் தங்கள் பிள்ளைகளை வளைவுகளுக்கு அனுப்புவார்கள். பிள்ளைகள் குனிந்து புதருக்குள் நுழைய முடியும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். குப்பியோடு திரும்பி வந்தால் (பாட்டிலை அங்கே குப்பி என்றுதான் சொல்வார்கள்) கண்டெடுத்த பிள்ளைக்கு ஒரு மூடி. அந்தக் குப்பியின் மூடியிலேயே ஊற்றி வாயில் விடுவார்கள். பிள்ளை முகத்தைச் சுளிக்கும், இருமும், கண்ணில் தண்ணீர் வரும். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். இதை யார் தொடங்கினார்கள் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை.

பிள்ளைகள் ஏன் குடிக்கப் பழகுகிறார்கள் என்று பேச்சு வந்தால் கூட்டாளி கெடுத்தான், சினிமா கெடுத்தது, செல்போன் கெடுத்தது என்கிறார்கள். நான் என் கண்ணால் பார்த்தது வேறு. முதல் சொட்டை வாயில் விட்ட கை பெற்றவனுடைய கை. இந்த மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. மதுக்கடை வாசலில் இருபத்து மூன்று வயது ஆகாதவர்களுக்கு விற்பனை இல்லை என்று எழுதியிருக்கும். அந்த எண்ணை எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாத வயதிலேயே லயத்தில் கணக்குத் தொடங்கிவிடும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். நாகர்கோவில் பக்கத்திலிருந்து கிளம்பித் திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஓட்டல் மேசை துடைத்தேன், பிறகு கட்டட வேலைக்கு மண் சுமந்தேன், லாரியில் கிளீனராகப் போனேன், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வெட்டினேன். ஓர் இடத்தில் இரண்டு மழைக்காலம் தங்கினால் எனக்குக் கால் நிற்காது. அப்படி ஒரு மழைக்காலத்தின் முடிவில்தான் பொன்முடிச் சாலை வளைவில் இருந்த ஒரு தட்டுக்கடையில் டீ போடும் வேலைக்குச் சேர்ந்தேன். கடைக்காரி மலையடிவாரத்து வித்துராக்காரி. சேச்சி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் இறங்கிவிடுவாள். நான் கடையிலேயே படுத்துக்கொள்வேன். நான் குடிக்காதவன் இல்லை. உடம்பு வலிக்கிற வேலை செய்த நாட்களில் குடித்திருக்கிறேன், வேண்டாம் என்று தோன்றிய நாட்களில் விட்டிருக்கிறேன். அதனால் குடிக்கிறவனைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொள்ளும் ஆள் நான் இல்லை. என் கோபம் அந்த மூடியின்மேல்.

லயத்துப் பிள்ளைகளில் ஒரு பையன், அப்போது அவனுக்குப் பதினாலு வயது. வித்துராவில் ஒன்பதாம் வகுப்பு. காலையில் பஸ்ஸுக்காக எங்கள் கடை முன்னால் நிற்பான். என்னை மாமா என்பான். இத்தனை வருஷம் மலையாள நாட்டில் இருந்தும் என் மலையாளம் தமிழ் வாடை அடிக்கும் பாண்டி மலையாளம்தான் என்று கேலி பண்ணுவான். ஒரு சொல்லை நான் சொன்னதும் அதை அப்படியே என் குரலில் திருப்பிச் சொல்லிக் காட்டுவான். சேச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். குப்பி தேடுவதில் அவனுக்கு நிகர் கிடையாது. மற்ற பிள்ளைகள் கல்லையும் துணியையும் தேடும்போது அவன் கடை பெஞ்சில் உட்கார்ந்து வண்டியிலிருந்து இறங்குகிறவனைப் பார்ப்பான்.

"ஓடிப் போறவனுக்கு நெசமாவே மூத்திரம், மாமா. மெல்லப் போறவங்கிட்டதான் குப்பி."

அவன் அப்பாவுக்கு இதில் ஏகப் பெருமை. என் மகனுக்கு நாய் மூக்கு என்று கடையில் வந்து சொல்வான். அம்மாக்காரி கொழுந்து கிள்ளும் வேலை. வேலை முடிந்து போகிற வழியில் கடையில் பால் விடாத கட்டன் டீ ஒன்று குடிப்பாள். என்னை அண்ணாச்சி என்பாள். அவளுக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. அதைப் பார்க்கிற ஆளிடமெல்லாம் சொல்வாள்.

"என்ன படிப்பு படிச்சாலும் சரி அண்ணாச்சி, இவன் இந்த மலைய விட்டு எறங்கணும்."

பத்தாம் வகுப்பு முடித்தால் நகரத்தில் ஐ.டி.ஐ. சேர்த்துவிட வேண்டும், வயரிங் வேலை படிக்க வேண்டும், லயத்துக்குத் திரும்பி வரக் கூடாது. ஒழுகுகிற கூரை, வேலை இருக்கிற மாதமும் இல்லாத மாதமுமாக ஓடும் எஸ்டேட், இதிலிருந்து ஒருத்தனாவது இறங்கிப் போக வேண்டும். அவளுக்குப் பையன் குப்பி தேடுவது தெரியும். மூடியும் தெரியும். லயத்தில் எந்தப் பிள்ளைதான் தேடவில்லை என்று அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆண்கள் குடித்துக்கொண்டிருந்தார்கள். பையனுக்கு அப்பன் ஒரு மூடி ஊற்றினான். பையன் முகத்தைச் சுளிக்கவில்லை, இருமவில்லை. மூடியை நீட்டி இன்னொன்று என்றான். ஊற்றினான். பிறகு மூன்றாவது. நான் அடுப்பை விட்டு வெளியே வந்து, பிள்ளைக்கு எதற்கு இது என்று கேட்டேன்.

அப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "மூடியில என்ன ஆவும் அண்ணாச்சி? மலைக் குளிருக்கு மருந்துல்லா."

அவனுடைய அண்ணன், பையனுக்குப் பெரியப்பன், பக்கத்தில் இருந்தான். "எங்களுக்கும் எங்கப்பன் ஊத்துனதுதான். நாங்க செத்தா போனோம்?"

செத்துப்போகவில்லை, உண்மைதான். அந்த அண்ணனுக்குக் காலையில் டீ டம்ளரைக் கையில் எடுக்க முடியாது. மேசையில் டம்ளரை வைத்துவிட்டுக் குனிந்து வாயைக் கொண்டுபோய் உறிஞ்சுவான். குப்பியிலிருந்து கொஞ்சம் உள்ளே போன பிறகுதான் கை சொன்னபடி கேட்கும். நாற்பது வயது ஆகாத ஆள், தேயிலைச் செடி கவாத்து பண்ணுகிற வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்; கத்தியைக் கையில் கொடுக்கப் பயம். இந்த மனிதன்தான் நாங்க செத்தா போனோம் என்று என்னிடம் கேட்கிறான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அதை அவன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். எழுந்து வந்து சட்டையைப் பிடித்தான். பிடித்த கை ஆடியது. மற்றவர்கள் விலக்கிவிட்டார்கள். பையன் இதையெல்லாம் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

சேச்சிதான் என்னை உள்ளே இழுத்தாள். "அண்ணாச்சீ, அவரோட காரியத்துல நம்ம தலையிடண்டா. நாளைக்கும் அவரு இங்க சாயா குடிக்க வரண்டே?"

அது நடந்து இரண்டு மாதம் இருக்கும். மழை விட்ட ஞாயிறு, நல்ல கூட்டம். மத்தியானம் நாலு பையன்கள் வந்த ஒரு கார் எங்கள் வளைவில் நின்றது. ஒருவன் மெல்ல இறங்கிப் புதருக்குள் போய்விட்டு மெல்ல வந்தான். கார் மேலே போனது. பெஞ்சில் இருந்த நம் பையன் எழுந்து போனதைப் பார்த்தேன். பிறகு ஆம்லெட்டுக்கும் டீக்கும் ஆள் வந்துகொண்டே இருந்தார்கள், மறந்துவிட்டேன். பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனபோது சரிவில் அவன் செருப்பு ஒன்று கிடந்தது. இன்னொன்று இரண்டு அடி தள்ளி. அதற்கும் கீழே, ஈரச் சருகின்மேல் மல்லாந்து கிடந்தான். வாயோரத்தில் வாந்தி. தொட்டுப் பார்த்தேன், உடம்பு மழையில் கிடந்த கல் மாதிரி ஜில்லென்றிருந்தது. கூப்பிட்டேன், கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை. நின்று நின்று மூச்சு வந்தது. பக்கத்தில் குப்பி கிடந்தது. பெரிய குப்பி. கால் பாகம்தான் மிச்சம்.

தூக்கிக்கொண்டு வந்து பெஞ்சில் போட்டேன். அதற்குள் லயத்து ஆண்கள் ஓடி வந்துவிட்டார்கள். அங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வைத்தியம் உண்டு. போதை தலைக்கேறினால் எலுமிச்சம்பழம். பெரியப்பன்காரன் என் கடையிலிருந்தே பழத்தை எடுத்துப் பாதியாக அறுத்து, நினைவில்லாத பிள்ளையின் வாயைத் திறந்து பிழிந்தான். இன்னொருத்தன் உப்புப் போட்ட மோரை ஊற்றினான். பையன் ஒரு முறை உடம்பைத் தூக்கிப் போட்டு இருமினான், பிறகு உதடு நீலமாகத் தொடங்கியது. வேண்டாம் என்று நான் கையைப் பிடித்தேன். இறங்கிவிடும், இறங்கிவிடும் என்று சொல்லிக்கொண்டே மறுபடி பிழிந்தார்கள். அவர்களுடைய அப்பன் அவர்களுக்குச் செய்தது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரியும்.

அம்மா குழாயடியிலிருந்து ஓடி வந்தாள். பிழிந்த ஈரத்துணி கையோடு இருந்தது. மகனைப் பார்த்தாள், ஆண்களைப் பார்த்தாள். மோர்ச் செம்பைத் தட்டிவிட்டாள். பையனைப் புரட்டிப் பக்கவாட்டில் கிடத்தினாள். வாயிலிருந்து கொஞ்சம் வெளியே வந்தது. சருகில் கிடந்த குப்பியை நான் கையில் எடுத்து வந்திருந்தேன். அதை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் அந்தக் கார் மேலிருந்து இறங்கி வந்தது. நாலு பேரும் இறங்கினார்கள். எவனுக்கும் இருபது இருபத்தொன்றுக்கு மேல் இருக்காது. ஒருவன் நேராகப் புதருக்குப் போய், வெறுங்கையோடு திரும்பி வந்து, என்னிடம் கேட்டான். பிறகு அம்மாவின் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"அது ஞங்ஙளோட குப்பியாணு, சேட்டா."

பெஞ்சில் ஒரு பிள்ளை மூச்சு விடத் திணறிக்கொண்டிருக்கிறது. இவன் எங்கள் குப்பி என்று காட்டுகிறான். பின்னால் நின்றவன் அவன் காதில், மிச்சம் இருக்கிறதே என்று மலையாளத்தில் சொன்னது எனக்குக் கேட்டது. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ மனிதர்களிடம் எத்தனையோ பேச்சு கேட்டிருக்கிறேன், அடியும் வாங்கியிருக்கிறேன். இதுபோல ஒன்றைக் கேட்டதில்லை. நான் குப்பியைப் பற்றிப் பேசவில்லை. காரில் ஏற்றி வித்துரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றேன். நாலு பேரில் சின்னவன் போலிருந்தவன் கதவைத் திறந்தேவிட்டான். மற்றவன் அவன் கையைப் பிடித்தான். போலீஸ் கேஸ் ஆகும், நாமும் குடித்திருக்கிறோம், அப்பாவோட கார் என்று ஏதேதோ சொன்னான். கதவைச் சாத்தினார்கள். வளைவில் டயர் தேய்த்துக்கொண்டு போனார்கள்.

மலையில் பஸ் குறைவு. அன்று மத்தியான பஸ் தாமதமாக வந்தது. அதுதான் அந்தப் பிள்ளைக்கு அதிர்ஷ்டம். நான் நடுச்சாலையில் நின்று கையைக் காட்டினேன். கண்டக்டர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கடைசி சீட்டில் இருந்தவர்களை எழுப்பிப் பையனைச் சரித்துப் படுக்க வைத்தார், தலையைப் பக்கவாட்டிலேயே வைக்கச் சொன்னார். டிரைவர் வித்துரா வரை எந்த நிறுத்தத்திலும் நிறுத்தவில்லை. வழியில் கைகாட்டியவர்கள் திட்டியிருப்பார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து அவன் தலையைத் தாங்கிக்கொண்டிருந்தாள். அப்பன் முன்பக்கம் கம்பியைப் பிடித்து நின்றான், திரும்பிப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டரம்மா. கிட்டே குனிந்ததுமே வாசனையில் தெரிந்துவிட்டது. எவ்வளவு குடித்தான் என்று கேட்டார்.

அப்பன் சொன்னான், "ஒரு மூடி."

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். மறுபடி கேட்டார். அவன் மறுபடியும் ஒரு மூடி என்றான். கேஸ் ஆகிவிடும் என்று பயந்திருப்பான், மானம் போகும் என்று நினைத்திருப்பான். மகன் உயிரைவிட அந்தப் பயம் அவனுக்குப் பெரிதாகிவிட்டது. அம்மாக்காரி ஈரத்துணிக்குள் சுற்றி வைத்திருந்த குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா குப்பியைப் பார்த்துவிட்டு ஊசி போட்டார், குளுகோஸ் ஏற்றினார், ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். நெஞ்சில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நினைவில்லாதவன் வாயில் யார் எதை ஊற்றினார்கள் என்று கேட்டார். எலுமிச்சம்பழமும் மோரும் என்று நான்தான் சொன்னேன்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவன் பிழைத்துக்கொண்டான். நுரையீரலில் இறங்கிய மோர் குடித்ததைவிடக் கஷ்டம் கொடுத்தது. அப்பன் எஸ்டேட்டில் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனவன் பையனை வீட்டுக்கு அனுப்புகிற அன்றுதான் வந்தான், வாயில் வாசனையோடு. அதுவரை வராந்தாவில் நானும் அந்த அம்மாவும்தான். சேச்சி கடையைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். பையனுக்குப் பேச்சு வந்ததும், ஏன்டா அப்பனிடம் கொண்டுபோய்க் கொடுக்காமல் அங்கேயே குடித்தாய் என்று கேட்டேன். அவன் என்னை முட்டாளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"கொண்டு குடுத்தா ஒரு மூடிதான கெடைக்கும், மாமா."

லயத்துக்குத் திரும்பினோம். சாவிலிருந்து திரும்பி வந்த பிள்ளையை எப்படி வரவேற்றார்கள் என்று நினைக்கிறீர்கள்? "வாடே ஃபுல்லு" என்று பெயர் வைத்தார்கள். முக்கால் குப்பியை ஒத்தையாக அடித்தவன் என்று பெரியப்பன் அவன் முதுகைத் தட்டினான். யார்மேல் தப்பு என்று பேச்சு வந்தபோது காரில் வந்தவர்கள்மேல் தப்பு, கடை திறந்து வைத்திருக்கும் சர்க்கார்மேல் தப்பு, பள்ளிக்கூடத்து வாத்தியார்மேல்கூடத் தப்பு. அவ்வளவையும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் காரை நான் இன்றும் மன்னிக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளைக்கு இத்தனை வருஷமாகக் காரா ஊற்றிக் கொடுத்தது? அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறு பிள்ளைகள் குப்பி தேடப் போனார்கள். கொண்டுவந்த பிள்ளைக்கு ஒரு மூடி ஊற்றினார்கள். நான் டீ கிடையாது என்று அடுப்பை அணைத்தேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதற்கும் சேச்சியிடம் திட்டு வாங்கினேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் குடியை விட வைக்கும் டீ-அடிக்ஷன் பிரிவு என்று ஒன்று இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் கூட்டி வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். இந்த வயதில் தொடங்கினால் விடுவது கஷ்டம், விட்டுவிட்டான் என்று ஏமாறாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். அது உண்மைதான். ஞாயிற்றுக்கிழமை வண்டிச் சத்தம் கேட்டால் பையன் பேச்சை நிறுத்திவிடுவான். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் ரோட்டுக்குப் போகும். அப்பன் ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். பைத்தியக்கார டாக்டரிடம் என் மகனைக் காட்ட மாட்டேன் என்றான். அந்த ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் விற்றவன் என்பதால் எந்த ஜன்னலில் எதற்கு நிற்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அம்மா என்னைக் கூப்பிட்டாள். போனேன்.

அங்கே இருந்தவர் வயதான கவுன்சலர். தமிழ் தெரிந்தவர். பையனிடம் பள்ளியைப் பற்றி, பந்து விளையாட்டைப் பற்றிப் பேசிவிட்டு, முதன்முதலாக எப்போது குடித்தாய் என்று சாதாரணமாகக் கேட்டார்.

"ஒண்ணாங் கிளாஸ்ல."

அம்மா சட்டென்று, பொய் சொல்லாதே என்றாள். பையன் கோபப்படவில்லை. லயத்து அம்மன் கோயில் கொடைத் திருவிழா நடந்த அன்று என்றான். முதல் முறையாக அவனே ஒரு குப்பி கண்டெடுத்தான். எல்லோரும் கோயில் முன்னால் இருந்தார்கள். அப்பா மூடியில் ஊற்றினார். அவன் துப்பினான். மறுபடி ஊற்றினார்.

"எல்லாரும் சிரிச்சாங்க. நீயும்தான் சிரிச்ச, அம்மா. சேலையால வாயத் தொடச்சுவிட்டுட்டே சிரிச்ச."

கவுன்சலர் எழுதுவதை நிறுத்தினார். அம்மா மகனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அவள் மறுப்பாள் என்று நினைத்தேன்.

"சிரிச்சேன் சார்," என்றாள். "எழுதிக்கிடுங்க."

மாத்திரையால் மட்டும் ஆகாது, வீட்டில் ஊற்றிக் கொடுக்கிறவர்கள் வந்து உட்கார்ந்து பேசினால்தான் இவன் மீள்வான், இல்லாவிட்டால் இந்த வருஷம் இல்லையென்றாலும் அடுத்த வருஷம் மறுபடி இதே பெஞ்சுக்கு வருவீர்கள் என்றார் கவுன்சலர்.

மறுநாள் காலையில் எஸ்டேட்டில் வேலை பிரிக்கும் இடத்தில் எல்லோரும் கூடியிருந்தபோது அவள் முன்னால் வந்து நின்றாள். நான் டீக் கேனைக் கொண்டுபோயிருந்தேன், அதனால் பார்த்தேன். குரலை உயர்த்தவில்லை.

"எம்மவன் வாயில மூடி ஊத்துனவங்க எல்லாரும் வர்ற வெள்ளிக்கிழம ஆஸ்பத்திரிக்கு வரணும். சிரிச்சவங்களும் வரணும். நானும் சிரிச்சவதான், நானும் போறேன்."

பின்னாலிருந்து ஒருத்தன், "அப்ப லயமே ஏறணும்டீ. தனி பஸ்ஸு விடச் சொல்லு" என்றான். சிரிப்பு எழுந்தது.

"ஏறுங்க," என்றாள். "அதுக்குத்தான சொல்லுதேன்."

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து வைத்தார்கள். பிள்ளை செத்துப் பிழைத்ததற்கு வைக்காத பஞ்சாயத்து. லயத்து மானத்தை நகரத்து ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாளாம். பெரியப்பன்தான் அதிகம் பேசினான். அவள் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை, வெள்ளிக்கிழமை என்று மட்டும் சொன்னாள். பெண்கள் ஓரமாக நின்று கேட்டார்கள். யாரும் அவளுக்காகப் பேசவில்லை, ஆனால் இரண்டு பேர் தங்கள் பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பாதியிலேயே வீட்டுக்குப் போனதைக் கவனித்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸுக்கு அவளும் பையனும் வந்து நின்றார்கள். லயத்துப் பாதையில் வேறு யாரும் இல்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை. பஸ் வந்து, நாங்கள் மூவரும் ஏறி, கண்டக்டர் மணியடித்த பிறகு அப்பன் ஓடி வந்தான். சட்டைப் பொத்தான் மாறிப் போட்டிருந்தான். குடித்திருக்கவில்லை, கம்பியைப் பிடித்த கை ஆடியதிலேயே தெரிந்தது. அண்ணனைப் போலவே இவனுக்கும் கை ஆடத் தொடங்கியிருக்கிறது என்பதை அன்றுதான் பார்த்தேன். பையன் அவனைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

கவுன்சலர் அவனை மகனுக்கு எதிரே உட்கார வைத்தார். முதல் தடவை எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

"ஒரு மூடி," என்றான். வித்துராவில் சொன்ன அதே குரல். அம்மா எழுந்து போய்விடுவாள்போல நாற்காலியின் விளிம்புக்கு வந்தாள். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியெல்லாம் வியர்வை. பிறகு சொன்னான்:

"அப்புறம் எண்ணல சார். வாரா வாரம்தான். எண்ணல."

பையன் அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் அப்பன் பக்கம் திரும்பினான்.

"நான் எண்ணிருக்கேன்," என்றான்.

கவுன்சலர் என்னை வெளியே இருக்கச் சொன்னார். இது வீட்டுக்காரர்கள் பேச வேண்டியது என்றார். கதவு சாத்தப்பட்டது. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே யாரோ அழுதார்கள். ஆண் குரல் மாதிரி இருந்தது, அப்பனா மகனா என்று தெரியவில்லை. அடுத்த வரிசையில் இருந்தவர்கள் எவ்வளவு நேரம் ஆகும் என்று என்னைக் கேட்டார்கள். தெரியாது என்றேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம் போனது. மலைக்கு ஏறும் கடைசி பஸ் கிளம்பும் நேரமும் போனது. கதவு திறக்கவில்லை. நான் தட்டவும் இல்லை.